சிவப்புச் சட்டையும் எல்லைக் கல்லும்

‘சூட்’ என்னும் ஆங்கிலச் சொல் வழக்கையும் குறிக்கும். ஒரே துணியில் தைத்த உடுப்பையும் குறிக்கும். இரண்டுக்கும் வேர், பின்தொடர்தல். பழைய இங்கிலாந்தில் பிரபுவின் பின்னால் ஒரே துணி உடுத்திப் போனவர்களுக்கும், வாதியின் பின்னால் சாட்சிக்குப் போனவர்களுக்கும் அந்த ஒரு சொல்லே வழங்கியது. ஒருவனே இரண்டு பேர் பின்னாலும் போக வேண்டியிருந்தால்? அந்தச் சங்கடம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று.

வேலங்குறிச்சி ஜமீனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசையன்று ஜமீன்தார் கையால் சிவப்புச் சட்டை வாங்குகிறவன், அவர் கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் அதை அணிந்து அவர் பின்னால் நிற்க வேண்டும். இசக்கிமுத்துவும் மாசானமும் அப்படி வாங்கிய ஜமீன் வேலையாட்கள். சுடலைவடிவு என்ற கைம்பெண்ணின் நிலத்துக்கு எல்லைக் கல் நட்டவர்களும் அவர்களே. அந்த நிலத்தை ஜமீன்தார் தமதென்றார். அவள் வழக்குத் தொடுத்தாள்.

“கண்டதைச் சொல்லுங்க அண்ணாச்சி, அது போதும்” என்று இருவரையும் கேட்டாள். இருவரும் சம்மதித்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் காலை இசக்கிமுத்து அரண்மனைக்குப் போய், காரணத்தைச் சொல்லிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

“சட்டையைக் கொடுத்துட்டே. தின்ன சோத்தை எப்படிலே கொடுப்பே?” என்றார் ஜமீன்தார். அன்று மாலைக்குள் எல்லைக் கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட உத்தரவிட்டார். போட்டவன் மாசானம்.

மறுநாள் கோர்ட்டில், இசக்கிமுத்துவின் சாட்சியம் வேலை போன ஆத்திரத்தில் சொன்னது என்றார் ஜமீன் வக்கீல். “சரி, கல் எங்கேயம்மா?” என்று சுடலைவடிவைக் கேட்டார். கூட்டம் சிரித்தது.

அவள் இசக்கிமுத்துவைப் பார்த்தாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

பிறகு, சிவப்புச் சட்டையோடு நின்ற மாசானத்தை ஜமீன் தரப்புச் சாட்சியாக அழைத்தார்கள்.

“கல் இருந்ததா?” என்று கேட்டார் ஜமீன் வக்கீல்.

“இருந்துச்சு எசமான். நட்டவனும் நான்தான், நேத்துப் பிடுங்கினவனும் நான்தான்.”

கிணற்றில் கல் அகப்பட்டது. நிலம் அவளுக்கே என்று தீர்ப்பாயிற்று. கல்லைப் பிடுங்கிய குற்றத்துக்கு மாசானம் மூன்று மாதம் சிறை சென்றான்.

ஒருவன் தன் கையில் அழுக்குப் படவிடவில்லை. மற்றவன் கடைசி நிமிடம் வரை எசமானுக்கு அடிபணிந்தான். இருவரில் யார் செய்தது சரி?

விடை: மாசானம் செய்ததே சரி. கல்லைப் பிடுங்கியது தவறு. அதைத் தானே சொல்லித் தண்டனையும் அனுபவித்தான். பின்னால் நிற்பதாகத்தான் ஜமீன்தாருக்கு வாக்களித்திருந்தான், நின்றான். பொய் சொல்வதாக வாக்களிக்கவில்லை. இசக்கிமுத்து நல்லவன், மறுக்கவில்லை. ஆனால் சாட்சி சொன்ன பிறகு சட்டையைக் கழற்றியிருக்கலாம். தன் மனம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாள் முந்தினான். அதற்காக அவன் பணயம் வைத்தது அவளுடைய நிலத்தை.