வேலப்பன் தோற்ற ஆட்டம்

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளக்கரையில் ஒரு தட்டைப் பாறை. அதில் அறுபத்து நான்கு கட்டங்கள் கீறி, காட்டு விலங்குகள் சதுரங்கம் ஆடின. ஒரு பக்கத்துக் காய்கள் வெள்ளை நத்தை ஓடு; மறுபக்கம் கறுத்த புங்கங்கொட்டை.

முள்ளம்பன்றி வேலப்பனுக்கு அந்தப் பாறைதான் உயிர். ஆனாலும் கோடை முடிவில் நடக்கும் பெரிய போட்டியில் அவன் ஒருமுறையும் கடைசி ஆட்டம் வரை வந்ததில்லை. இந்த வருஷம் வந்துவிட்டான். எதிரே நீர்க்கோழி அல்லி. காடே பாறையைச் சுற்றிக் கூடியது. வேலப்பன் மேல் எல்லோருக்கும் பிரியம். அவன் ஜெயிக்கட்டும் என்று அல்லியின் சொந்தக்காரர்களே மனதுக்குள் வேண்டிக்கொண்டார்கள்.

வேலப்பன் தோற்றான்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு முயல் ஓடிவந்து, என்ன ஆயிற்று, நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டது. வேலப்பனுக்கு வெட்கம் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "மரங்கொத்தி தட்டிய சத்தத்தில் கை தவறிவிட்டது. இல்லையென்றால் என் ராணி போயிருக்காது."

பாறைக்குப் பக்கத்தில் நின்ற மருத மரப் பொந்தில் மரங்கொத்தி செங்கொண்டை குடியிருந்தாள். ஆட்டத்தின்போது அவள் தட்டியது உண்மைதான். முயல் அதை அணிலிடம் சொன்னது. அணில் காடு முழுக்கச் சொன்னது. கேட்டவர்கள் எல்லோரும் வந்து வேலப்பனைத் தேற்றினார்கள். அவனும் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் அவனே அதை நம்பிவிட்டான்.

மூன்றாம் நாள் காட்டுத் தலைவரான கடமான் எல்லோரையும் அழைத்துக் கூட்டம் கூட்டினார். ஆட்டப் பாறைக்குப் பக்கத்தில் இனி மரங்கொத்தி இருக்கக் கூடாது, நான்கு நாளில் வேறு மரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. செங்கொண்டையின் குஞ்சுகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவள் பொந்துக்குள் போனாள். வேலப்பனுக்கு உள்ளே சுருக்கென்றது. குஞ்சுகள் சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் அல்லி அவனைத் தேடி வந்தாள். அந்த ஆட்டத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவனுக்கு விருப்பமில்லை. தோற்றதை இன்னொரு தடவை எதற்குப் பார்ப்பது?

"எனக்குத் தூக்கம் வரவில்லை, வேலப்பா. நான் எப்படி ஜெயித்தேன் என்று எனக்கே புரியவில்லை" என்றாள் அல்லி.

அந்தப் பேச்சு அவனை இழுத்தது. இருவரும் பாறையில் காய்களை அடுக்கினார்கள். ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துக்கொண்டே வந்தார்கள். பன்னிரண்டாவது நகர்த்தலில் அல்லி நிறுத்தினாள். வேலப்பனின் குதிரைகள் இரண்டும் நடுக்கட்டங்களில் நின்றன. அவளுடைய ராஜா மறைவில்லாமல் வெளியே கிடந்தார். இந்த இடத்தில் தன் கதை முடிந்தது என்று நினைத்ததாக அவள் சொன்னாள்.

வேலப்பன் திகைத்துப்போனான். அதே இடத்தில் தான் தோற்கப் போவதாக அவன் பயந்துகொண்டிருந்தான்! அந்தப் பயத்தில்தான், கிடைத்தவரை லாபம் என்று, ஓரத்தில் தனியாக நின்ற ஒரு சிப்பாயை வெட்ட ராணியை அனுப்பினான். ராணி திரும்பி வர மூன்று நகர்த்தல் ஆயிற்று. அதற்குள் அல்லி தன் ராஜாவைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டாள். ஆட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

பிறகு அல்லியும் அவசரப்பட்டிருந்தாள். குதிரையை முன்னால் தள்ளி, தன் ராஜாவுக்கு நேரே வழியைத் திறந்துவிட்டிருந்தாள். வேலப்பன் யானையை அங்கே இறக்கியிருந்தால் ஆட்டம் மறுபடி அவன் கைக்கு வந்திருக்கும். அவனோ சிப்பாயை வெட்டப் போன தவற்றை நினைத்து மருகிக்கொண்டு, கட்டத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அடுத்த நகர்த்தலில் அல்லி வழியை அடைத்துவிட்டாள்.

கடைசியில் ராணி விழுந்த இடம் வந்தது.

"செங்கொண்டை எப்போது தட்டினாள்?" என்று அல்லி மெதுவாகக் கேட்டாள்.

"இங்கேதான்."

ராணி போகக்கூடிய கட்டங்கள் நான்கு. நான்கிலும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அல்லியின் குதிரை வெட்டியது. ஒன்றில் சிப்பாய் வெட்டியது. மற்ற இரண்டிலும் யானை காத்திருந்தது. மரங்கொத்தி தட்டினாலும் தட்டாவிட்டாலும் ராணிக்குத் தப்ப வழியில்லை.

வேலப்பனின் முள்ளெல்லாம் முதுகோடு ஒட்டிப் படுத்துவிட்டது. இது தெரிந்தது இரண்டே பேருக்கு. அல்லி வெளியே சொல்லமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும். மேலே பொந்தில் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

அவன் எழுந்து நேரே கடமானிடம் போனான். கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொன்னான். எல்லோர் முன்னாலும் பாறையில் காய்களை வைத்து, எங்கே பயந்தான், எங்கே பேராசைப்பட்டான், எங்கே கவனிக்காமல் விட்டான் என்று ஒன்றுவிடாமல் காட்டினான். முயலுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் மரங்கொத்தி மேல் தப்பில்லை என்பது நன்றாகப் புரிந்தது. தீர்ப்பு அங்கேயே ரத்தானது.

பிறகு அவன் மருத மரத்தடியில் போய் நின்றான். "தங்கச்சி, என் வெட்கத்தை மறைக்க உன் வீட்டைப் பறிக்கப் பார்த்தேன். மன்னித்துவிடு" என்றான்.

செங்கொண்டை குஞ்சுகளுக்கு இரை ஊட்டி முடித்துவிட்டுத்தான் தலையை நீட்டினாள்.

"நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அண்ணே. அது இருக்கட்டும். நான் தட்டியது உங்களுடைய எத்தனையாவது தவறுக்கு?"

வேலப்பன் எண்ணிப் பார்த்தான். "மூன்று தவறும் செய்து முடித்த பிறகு."

"அப்படியென்றால் அடுத்த வருஷம் முதல் தவற்றுக்கே தட்டிவிடுகிறேன்" என்றாள் அவள். அல்லி சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள் எட்டிப் பார்த்தன. வேலப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோற்றுப்போனால் அடுத்தவர் மேல் பழி போடாமல், நாம் எங்கே தவறினோம் என்று நாமே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.