ஏழு சுரம், நாலு விரல்

தூத்துக்குடியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் டெல்பின் கிடார் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் பிலோமி என்ற பெண் பாடம் கேட்டுவந்தாள். சிஷ்யைக்கு வயது முப்பது, குருவுக்கு இருபத்தெட்டு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மிஸ் என்பாள். இரண்டு பேருக்குமே அதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

ஒரு புதன்கிழமை சிஷ்யை வந்ததும் இடக்கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் கன்றிப்போயிருந்தன.

"மிஸ், இந்த ஜி தர்ட்டீன் கார்டை நோட்டுல எழுதிப் பாத்தேன். ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒண்ணுவிட்டு ஒண்ணா பதிமூணு வரைக்கும், சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரம் ஏழு. கம்பி ஆறு. அழுத்துற விரல் நாலு. எப்படிப் பிடிக்கிறது?"

"பிடிக்க முடியாது."

"ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை மிஸ். காணிக்கைப் பாட்டுல அந்த இடம் வருது. வாசிக்கலைன்னா கிடாருக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்னு கஸ்பார் சார் சொல்லிட்டாரு."

கஸ்பார் மாதா கோயில் பாடற்குழுவின் தலைவர். பிலோமிக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் குழுவுக்குத் திரும்பி வந்த அன்றே, நடுவில் இருந்த அவளது நாற்காலியை எடுத்துப் பக்கவாசல் ஓரமாகப் போட்டுவிட்டார். பிள்ளை அழுதால் எழுந்துபோக வசதி என்றார்.

"முடியாததுன்னா சிலதை விட வேண்டியதுதான் அக்கா," என்றாள் குரு. "எதை விடணும்னு நாளைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் சிஷ்யை வாசித்துக் காட்டினாள். கை நோகவில்லை. சத்தம் பெரிதாக, கெட்டியாக வந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

குரு எழுந்தாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அன்னாஸ் அண்ணே, ஒரு நிமிஷம்."

டயர் கடைக்காரர் அன்னாஸ்தான் கோயிலில் பேஸ் கிடார் வாசிப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூலையில் கிடந்த பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு, தடித்த கம்பியில் கார்டின் அடிச் சுரமான ஜி-யைத் தொம் என்று அடித்தார்.

"இப்போ அவரோட சேர்ந்து வாசிங்க அக்கா."

வாசித்தாள்.

"கார்டு எங்கே?"

மறுபடி வாசித்தாள். அன்னாஸின் தொம்முக்குள் அவளுடைய கிடார் காணாமல் போனது.

"அவரு அடிக்கிறதையேதான் நானும் அடிக்கேன்," என்றாள் மெதுவாக.

"அப்ப நான் கீழ போகட்டா?" என்றார் அன்னாஸ். "பஞ்சர் ஒண்ணு பாதியில கிடக்கு."

"இருங்கண்ணே." குரு சிஷ்யையிடம் திரும்பினாள். "எதையெல்லாம் விட்டீங்க?"

"எட்டாததை, நோகுறதை. மூணாவது, ஏழாவது, பதிமூணாவது."

"பாட்டு சிரிக்குதா அழுகுதான்னு சொல்றது மூணாவது. அடுத்த இடத்துக்குப் போகணும்னு இழுக்கிறது ஏழாவது. பதிமூணாவதுனாலதான் அந்தக் கார்டுக்கே அந்தப் பேரு. இவ்வளவையும் விட்டுட்டு எதைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"அடிச் சுரத்தை. அதை விட்டா கார்டே விழுந்துருமே மிஸ்."

"விட்டுப் பாருங்க."

"பயமா இருக்கு."

"சுரத்துக்கா?"

சிஷ்யை மடியில் கிடந்த போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சு மிஸ். நான் பக்கத்துல இருந்தேன். இல்லாம இருந்திருந்தா? இப்ப அவங்க அப்பாதான் வச்சிருக்காரு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை போனைப் பாக்கேன்."

"போன் வந்துச்சா?"

"இல்லை."

குரு கண்ணைக் காட்டினாள். அன்னாஸ் மறுபடியும் ஜி-யை அடித்தார். இந்த முறை நிறுத்தவில்லை. தொம், தொம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

சிஷ்யை தடித்த கம்பியிலிருந்து விரலை எடுத்தாள். நான்காம் கம்பியில் மூன்றாவது கட்டம், மூன்றாம் கம்பியில் நான்காவது, இரண்டாம் கம்பியில் ஐந்தாவது. படியேறுவது போல மூன்று விரல்கள். மீட்டினாள்.

அன்னாஸின் ஜி கீழே நின்றது. மேலே வேறொன்று திறந்தது.

அன்னாஸ் புருவத்தை உயர்த்தினார். பஞ்சரை மறந்துவிட்டார்.

"சுண்டு விரல் சும்மா இருக்கு மிஸ்," என்றாள் சிஷ்யை, நம்ப முடியாமல்.

"ஏன் சும்மா இருக்கணும்? முதல் கம்பியில அஞ்சாவது கட்டத்துல வைங்க. ஒம்பதாவது சுரமும் கிடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பிலோமி பக்கவாசல் ஓர நாற்காலியில் இருந்தாள். கடைசி வரிசையில் அவள் கணவன் ரூபன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். குரு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு வரி இருக்கும்போது குழந்தை வீறிட்டது.

கஸ்பார் திரும்பி பிலோமியைப் பார்த்தார். பிறகு பக்கவாசலைப் பார்த்தார்.

அவளுடைய ஆள்காட்டி விரல் தானாகத் தடித்த கம்பிக்குப் போனது. அன்னாஸ் ஜி-யை அடித்தார். விரல் திரும்பியது. மூன்று, நான்கு, ஐந்து. சுண்டு விரல் ஒரு கணம் பிந்தி விழுந்தது. குழந்தையின் அழுகையும் அந்தக் கார்டும் ஒன்றாகக் கோயில் கூரைக்கு ஏறின.

அவள் எழுந்திருக்கவில்லை. அழுகை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் கஸ்பார் வந்தார்.

"ஏம்மா, பிள்ளை அழுதது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். அவங்க அப்பா காதுலயும் விழுந்துச்சு."

"பெத்தவ பேசுற பேச்சா இது?"

"பெத்தவதான் சார் பேசுதேன்."

கிடாரைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். 

கஸ்பார் குருவின் பக்கம் திரும்பினார். "என்னதான் மிஸ் சொல்லிக்கொடுத்தீங்க இவளுக்கு?"

குரு பக்கவாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில், அன்னாஸுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உட்காருங்க அக்கா," என்றாள். "அந்த இடத்துல சுண்டு விரல் பிந்தி விழுது. இன்னொரு தடவை வாசிங்க."