வாசலுக்கு ரெண்டு கண்ணு

கதவைத் தட்டாமலே உள்ள வந்தா அல்லி. டப்பிங் தியேட்டர்ல ஸ்டெல்லா அக்கா மோர் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அல்லிக்கு வசனம் எழுதச் சொல்லிக்கொடுக்குறவங்க. நாலே வயசு மூப்பு.

"அக்கா, மூணு நாளு எழுதுன வரி அது. இந்த ரமீஜாக்கா மைக்கு முன்னாடி நின்னு ஒரே நிமிஷத்துல கொன்னுட்டாங்க."

"எந்த வரி?"

"படத்துல பையன் பட்டாளத்துக்குப் போறான். பஸ்ஸு கிளம்புது. அம்மா சொல்லணும்: 'நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த வாசலுக்கு ரெண்டு கண்ணு இருக்கும்.' இவங்க என்ன சொல்றாங்க? 'நீ வர்ற வரைக்கும் வாசல்லயே இருப்பேன்.' அவ்ளோதான்! கண்ணு எங்க போச்சு?"

மைக்குப் பக்கத்துல நின்ன ரமீஜா, அந்த அம்மாவுக்குக் குரல் குடுக்குறவங்க, சிரிச்சாங்க. "திரையில அந்தம்மா அதுக்குள்ள வாயை மூடிருச்சும்மா. மூடுன வாய்க்குள்ள ரெண்டு கண்ணை எப்படித் திணிக்கிறது?"

"திணிக்கத்தானே சம்பளம்!"

ரமீஜா தண்ணி பாட்டிலைத் திறந்தாங்க.

"அக்கா, முடிவாச் சொல்றேன். சாயங்காலம் படத்தை ஒப்படைக்கணும். என் வரியை மாத்துனவங்க இந்தப் படத்துல இருக்கக் கூடாது. இல்லன்னா டைட்டில்ல என் பேரை எடுத்துடுங்க."

ஸ்டெல்லா அக்கா மோர் டம்ளரைக் கீழ வச்சாங்க.

"சரி. நீயே பேசு."

"நானா?"

"உன் வரி. உன்னைவிட யாரு நல்லாப் பேசுவா?"

அல்லி விறுவிறுன்னு மைக்கு முன்னாடி போனா. படம் ஓடுச்சு. 'இந்த வாசலுக்கு'ன்னு வர்றப்பவே திரையில அம்மா வாய் மூடிருச்சு.

"இன்னொரு தடவை!"

வேகமாச் சொல்லிப் பாத்தா. லாட்டரி டிக்கெட் விக்கிற மாதிரி இருந்துச்சு. ரமீஜா சிரிக்கல. அதுதான் அல்லிக்கு எரிச்சலா இருந்துச்சு.

"இன்னொண்ணு."

மூணாவது தடவை அவ பேப்பரைப் பாக்கல. அந்த அம்மாவோட உதட்டைப் பாத்தா. பஸ்ஸு நகருது. உதடு லேசா நடுங்குது. இது எதுக்கு நடுங்குது? அழறதுக்கா, அழாம இருக்குறதுக்கா? இத்தனை நாளா இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்?

பேசி முடிச்சா.

"இப்பச் சரியா உக்காந்துச்சுல்ல?"ன்னு திரும்பிக் கேட்டா. "வரி அப்படியே இருக்கு, பாத்தீங்களா?"

ஸ்டெல்லா அக்கா பதிவைத் திரும்பப் போட்டாங்க. ஸ்பீக்கர்ல அல்லியோட குரல்.

"இங்கயேதான்யா இருப்பேன்."

வாசல் இல்ல. கண்ணும் இல்ல.

அல்லி பேப்பரைப் பாத்தா. ஸ்பீக்கரைப் பாத்தா.

"நானா அப்படிச் சொன்னேன்?"

ரமீஜா மெல்லப் பக்கத்துல வந்தாங்க. "அந்த 'யா' எனக்குத் தோணவே இல்ல அல்லி. நான் எடுத்துக்கவா?"

அல்லி மைக்கை விட்டு நகர்ந்தா.

ஸ்டெல்லா அக்கா டைட்டில்ல வர்ற பேருங்க எழுதுன பேப்பரை எடுத்து, பென்சிலைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாங்க:

"வரியை மாத்துனவங்க இருக்கக் கூடாதுன்னியே. எத்தனை பேரை அடிக்கணும்?"