சாம்பார்ல விழுந்த பந்து

கால நீட்டிப் படுத்தியா? போர்வை போதுமா? சரி, "ம்" கொட்டிக்கிட்டே கேக்கணும். ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு அக்கா, அந்த அக்காவுக்கு ஒரு தங்கச்சி. அக்கா பேரு மரகதம், தங்கச்சி பேரு பவளக்கொடி. ரெண்டு பேருக்கும் தலை பஞ்சா நரைச்சுப் போச்சு. ஒரே வீட்ல ரெண்டு பேரு மட்டும்தான். மரகதத்துக்கு மறதி நோய். காலையில சாப்பிட்ட இட்லி மறந்துடும், அது கூடப் பரவாயில்ல, தங்கச்சி பேரே மறந்துடுச்சு. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்தே இருப்பா. உட்கார்ந்து உட்கார்ந்து கால் ரெண்டும் வாழத்தண்டு மாதிரி துவண்டு போச்சு. ஒரு நாள் எழுந்திரிச்சா பாரு, தொபுக்கடீர்!

ம்? ஆமா, விழுந்துட்டா. நல்ல வேளை, எலும்பு எதுவும் முறியல.

அப்போ அவங்க அண்ணன் மகன் தயாநிதி பெங்களூர்ல இருந்து போன் பண்ணினான். "சின்னத்தை, இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா பெரியத்தைய முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன். உங்களால தூக்க முடியாது"ன்னான். பொறந்ததுல இருந்து ரெண்டு பேரும் சண்டை போடாத நாள் இல்ல. ஆனா பிரிஞ்சும் இருந்ததில்ல.

அப்புறம் டாக்டர் சொன்னாரு, "மறதிய விரட்ட என்கிட்ட மருந்து இல்லம்மா. ஆனா உடம்ப அசைக்கணும். கால்ல பலம் வரும், ராத்திரி தூக்கம் வரும், மனசும் தெளிவா இருக்கும்"ன்னு. சொல்லிட்டு சுகந்தின்னு ஒரு பொண்ண அனுப்பி வச்சாரு. உடற்பயிற்சி சொல்லித் தர்றதுதான் அவ வேலை.

சுகந்தி வந்தா. "மரகதம்மா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாப்போம்."

மரகதம் ஒரு முறை முறைச்சா. "எதுக்குடி தூக்கணும்? நான் என்ன திருடியா, நீ என்ன போலீசா?"

அவ்வளவுதான், அன்னைக்கு கதவ சாத்திட்டா. டமால்!

மறுபடி வந்தா சுகந்தி. "சரி, நடக்கலாம் வாங்க"ன்னு கையப் பிடிச்சு தெருவுல கூட்டிட்டுப் போனா. போன் வந்துச்சு, பேசிட்டுத் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்! பவளக்கொடி தொப்பு தொப்புன்னு ஓடி வந்து தெருத் தெருவா தேடினா. எங்க இருந்தா தெரியுமா? முக்குல இருந்த கல்யாண மண்டபத்துல, பந்தியில! இலையில பாயசத்த ஊத்தி, சுர்ர்ருன்னு உறிஞ்சிட்டு இருந்தா. தங்கச்சியப் பாத்ததும், "நீ யாரு வீட்டு ஆளு? மாப்பிள்ளை வீடா? உட்காரு, பாயசம் நல்லாருக்கு"ன்னா. பவளக்கொடி என்ன பண்ணினா? உட்கார்ந்துட்டா. ஓடின ஓட்டத்துல அவளுக்கும் பசி.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுடும்.

அப்புறம் மூணாவது தடவை, சுகந்தி ஒரு மஞ்சப் பந்து கொண்டு வந்தா. "நான் போடுறேன், நீங்க பிடிங்க." மரகதம் கப்புனு பிடிச்சா! சுகந்திக்கு ஒரே சந்தோஷம். "இப்ப எனக்குப் போடுங்க"ன்னா. மரகதம் பந்த உருட்டி உருட்டிப் பாத்தா. எழுந்தா, சுவரப் பிடிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போனா, கொதிக்கிற சாம்பார்ல... பொதக்! கரண்டியால ஒரு குத்து குத்திட்டுச் சொல்றா, "என்ன பரங்கிக்காய் வாங்கிட்டு வந்தீங்க? வேகவே மாட்டேங்குதே!"

பவளக்கொடிக்கு அழுகையா வந்துச்சு. "இனி என்னம்மா பண்றது? அக்காவ என்கிட்ட இருந்து பிரிச்சுடுவாங்களே"ன்னா.

சுகந்தி யோசிச்சா. "அம்மா, நீங்க பண்ணுங்க. உங்களப் பாத்து அவங்க பண்ணுவாங்க."

"நானா? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே!"

"உட்கார்ந்து எழுந்திருங்கம்மா."

பவளக்கொடி பொழுதன்னைக்கும் முறுக்கத் தின்னுட்டு டிவி பாக்கிறவ. அக்காவுக்கு முன்னால பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்தா, கிரீச். எழுந்தா, நாற்காலியும் கூடவே எழுந்துச்சு! இடுப்புல இறுக்கமா மாட்டிக்கிச்சு. இப்படித் திரும்பினா நாற்காலியும் திரும்புது, அப்படித் திரும்பினா அப்படித் திரும்புது.

மரகதம் வாய் விட்டுச் சிரிச்சா. ரொம்ப நாளா சிரிக்காத மரகதம், கெக்கெக்கேன்னு சிரிச்சா. "ஐய, ஒரு நாற்காலியில இருந்து எழுந்திரிக்கத் தெரியல. தள்ளு, நான் காட்டுறேன்"ன்னு முட்டியில கைய ஊணி, "ஹும்"முனு எழுந்து நின்னா!

அப்போ பவளக்கொடிக்குப் புரிஞ்சுது. அக்காவுக்கு எது மறந்தாலும் தங்கச்சிய ஜெயிக்கிறது மட்டும் மறக்கல.

அதுல இருந்து தினமும் போட்டிதான். இவ கையத் தூக்கினா அவ இன்னும் ஒசரத் தூக்குவா. இவ நடந்தா அவ முந்தி நடப்பா. முட்டி வலிக்குதுன்னு தங்கச்சி முனகினா, "சோம்பேறி"ன்னு அக்கா திட்டுவா. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்துச்சு. மரகதத்துக்கு கால் உறுதியாச்சு. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ஆனா ஞாபகம் மட்டும் திரும்பல. போனது போனதுதான்.

ம் சொல்லு... ம்.

ஒரு நாள் தயாநிதி கார்ல வந்து இறங்கினான், பெரியத்தை எப்படி இருக்காங்கன்னு பாத்து, சரியில்லன்னா இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போக. "என்னைத் தெரியுதா அத்தை?"ன்னான்.

"தெரியாம என்ன? கேஸ் சிலிண்டர் போடுற தம்பி."

"பாத்தீங்களா சின்னத்தை? ஒண்ணும் சரியாகல"ன்னு சொல்லிட்டு, அங்க கிடந்த கயித்துக் கட்டில்ல உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கட்டில் பள்ளத்துக்குள்ள போயிட்டான். பெங்களூர் தொப்பையோட எழுந்திரிக்கப் பாக்கிறான், முடியல. முக்குறான், முனகுறான், காலு மட்டும் மேல ஆடுது.

மரகதம் பாத்தா. நாற்காலியில இருந்து தானா எழுந்தா. விறுவிறுன்னு நடந்து வந்தா. "கையக் குடு தம்பி"ன்னு அவன் கையப் பிடிச்சு, "ஏலேலோ!"ன்னு ஒரே இழுப்பு. ஆளு நிமிர்ந்து நின்னுட்டான்.

தயாநிதி பெரியத்தை காலப் பாத்தான், முகத்தப் பாத்தான். அப்புறம் மெதுவா, "அவங்க இங்கயே இருக்கட்டும் சின்னத்தை"ன்னான். காபி குடிச்சுட்டுத் தனியாவே கார்ல ஏறிப் போயிட்டான்.

அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் கைய மேல தூக்கி இறக்கிட்டு இருந்தாங்க. மரகதம் திடீர்னு நிறுத்திட்டு, தங்கச்சிய உத்துப் பாத்தா. "ஏம்மா, தினமும் வர்றியே, நீ யாரு?"

பவளக்கொடி தூக்கின கைய இறக்கல. "நானா? உன்கூட சேர்ந்து கை கால் ஆட்டுறவ."

"அப்படியா? பாவம், உனக்கு ஒண்ணுமே வரல. ஆனா நீ இருந்தா நல்லாருக்கு. நாளைக்கும் வந்துடு."

"வர்றேன்க்கா"ன்னா பவளக்கொடி.

ம்?... ம் இல்லையா? சரி சரி. கதை படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு.