திருடு போன பொய்க் கதை

வளசரவாக்கத்தில் அமுதவல்லி என்று ஓர் இயக்குநர் இருந்தார். தெய்வேந்திரன் அவரிடம் சினிமா கற்றுக்கொண்டிருந்த உதவி இயக்குநர். சீடர்தான் வயதில் மூத்தவர். அதனால் இருவருமே 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தெய்வேந்திரன் அலுவலகத்துக்குள் வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். தன் போனையும் மேடத்தின் போனையும் எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடினார்.

"போனுக்கு வேர்க்குதா?" என்று கேட்டார் அமுதவல்லி.

"ஒட்டுக் கேக்கும் மேடம்." ஃபிரிட்ஜ் கதவை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். "என் கதையைத் திருடிட்டாங்க."

"யாரு?"

"ரெக்ஸ். என் ரூம்ல இருக்கான்ல, அவன்தான். வேற ஒரு கம்பெனியில சொல்லி ஓகே வாங்கிட்டான். காலையில ஸ்வீட் குடுத்தான். என்ன ஏதுன்னு கேக்காம நானும் ரெண்டு தின்னுட்டேன்."

"நாளைக்குத் தயாரிப்பாளர்கிட்ட சொல்லப்போறீங்களே, அந்தக் கதையா?"

"ஐயையோ, அது பத்திரமா இருக்கு. அதை இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ரூம்ல எவனாவது உன் கதை என்னன்னு நோண்டினா எடுத்துவிட ஒரு பொய்க் கதை வச்சிருந்தேன். போனது அதுதான்."

"பொய்தானே போச்சு. பிறகு ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"அதான் மேடம் எனக்கும் தெரியல."

தெய்வேந்திரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தயாரிப்பாளரை விட்டா எனக்கு வேற ஆளு இல்ல. ஊருக்குப் போயி மச்சானோட டைல்ஸ் கடையில உக்கார வேண்டியதுதான். கதை திருடு போகாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"முதல்ல கதையைச் சொல்லுங்க."

வெளியே காலடிச் சத்தம் வந்தால் கேட்க வேண்டுமே என்று தெய்வேந்திரன் ஃபேனையும் நிறுத்திவிட்டு வந்தார்.

"கடலுக்கு அடியில ஒரு கோட்டை," என்றார் ரகசியக் குரலில். "கோட்டைக்குள்ள ஒரு வாள். வாளுக்குள்ள ஒரு சாபம்."

"சாபத்துக்குள்ள?"

"இன்டர்வெல்."

"அப்புறம்?"

தெய்வேந்திரன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கதையைக் கேட்டு ஒருவரும் 'அப்புறம்' என்று சொன்னதில்லை. யாரையும் அவர் கேட்கவிட்டதே இல்லை.

"சரி, திருடு போனதைச் சொல்லுங்க."

"அது எதுக்கு மேடம்? வாய்க்கு வந்த கதை."

"வாய்க்கு வந்த மாதிரியே சொல்லுங்க."

இந்தத் தடவை குரல் தானாக வந்தது.

"ஒருத்தன் சினிமாவுல பிணமா நடிக்கிறான். அதான் பொழைப்பு. மூச்சை அடக்கிட்டுக் கிடக்குறதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் வீட்டு டிவியில அவன் பிணமா நடிச்ச படம் ஒண்ணு ஓடுது. அவன் மக தனியா உக்காந்து பாக்குறா. பாடையில அப்பா. மாலை. மூக்குல பஞ்சு. நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க. அப்போ கதவைத் தட்டுற சத்தம். திறந்தா, கையில பரோட்டா பார்சலோட அப்பா நிக்கிறான்."

அமுதவல்லியின் டீயில் ஆடை படிந்தது.

"அப்புறம்?"

"அவ கத்தல மேடம். கத்தினாக்கூடப் பரவாயில்ல. போயி அரிசி டிரம்முக்குப் பின்னால உக்காந்துக்கிறா. அப்பாதான்மா, தொட்டுப் பாரு, சூடா இருக்கேன்னு கையை நீட்டுறான். அவ கையையே பாக்குறா. வரல. கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ள ஒடுங்குறா. கடைசியில அவனுக்கே சந்தேகம் வந்துருது. தூக்கத்துல முழிச்சு, மூச்சு வருதான்னு தன் மூக்குல தானே விரலை வச்சுப் பாக்குறான்."

அமுதவல்லியின் விரல் மூக்குக்குக் கீழே போயிருந்தது. கவனித்து இறக்கிக்கொண்டார்.

"அந்த டிரம்மை யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சுப் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாசல்ல பையை வச்சுட்டுக் கூப்பிட்டேன். என் மக..."

அவர் எழுந்து ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார்.

"கடைசியில வந்தாளா?"

"கதையிலயா மேடம்?"

அமுதவல்லி டீயில் படிந்த ஆடையை ஒதுக்கினார்.

"ரூம்ல எல்லாரும் அதைத்தான் கேட்டானுங்க. ரெக்ஸ் ரொம்பக் கேட்டான். பொய்க் கதைக்கு எதுக்கு முடிவுன்னு விட்டுட்டேன்."

ஃபிரிட்ஜுக்குள் போன் அடித்தது. தெய்வேந்திரன் ஓடிப்போய்த் தயிர் பாக்கெட்டுகளுக்கு நடுவிலிருந்து தன் போனை எடுத்தார். சில்லென்றிருந்த அதைக் காதில் வைத்ததும் உடம்பு ஒரு தடவை குலுங்கியது.

"சார்... சொல்லுங்க சார்... இப்பவா சார்?"

போனை வைத்துவிட்டு மேடத்திடம் திரும்பினார்.

"தயாரிப்பாளர் நாளைக்கு ஊர்ல இல்லையாம். இப்பவே வந்து கதை சொல்லச் சொல்றாங்க. எதைச் சொல்றது மேடம்? கோட்டைக்குள்ள போனா வெளிய வர வழி தெரியல. பிணத்தைச் சொன்னா, ரெக்ஸ் கதையைச் சுட்டுட்டு வந்திருக்கான்னு என்னையே சொல்லுவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அமுதவல்லி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"ரெக்ஸ் பிணத்தை மட்டும்தான் தூக்கிட்டுப் போயிருக்காரு," என்றார். "டிரம்முக்குப் பின்னால ஒரு பொண்ணு உக்காந்திருக்காளே, அவளைக் கூப்பிட அவருக்குப் பேர் தெரியாது."