ஊறுகாய் டப்பா

இது என் அறைத்தோழி சொன்ன கதை. நான் அங்கே இருக்கவில்லை. அதனால் அவள் சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில் ஹெலன் என்று ஒரு டீச்சர். வீட்டில் கழித்த டப்பாக்களில் பூந்தொட்டி செய்ய மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பது இருக்கும். அவரிடம் சீடராகச் சேர்ந்த தீர்த்தகிரிக்கு அறுபத்திரண்டு. பாலங்களுக்கு வரைபடம் போடும் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளோடு வேலை செய்யப் பழக வேண்டும் என்று வந்தார். பிள்ளைகள் அவரைப் “புது அட்மிஷன்” என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் தொட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, தீர்த்தகிரி எல்லா டப்பாக்களையும் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்த்தார். எண்ணெய் கேன், ஐஸ்கிரீம் டப்பா, பால் பவுடர் டின், எதிலும் லேபிளின் பசைகூட மிஞ்சவில்லை. வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திருப்தியாக நின்றார்.

ரோஷிணி என்ற சிறுமி வந்து தன் ஊறுகாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“லேபிள் எங்க தாத்தா?”

“அது இருந்தா பெயின்ட் நிக்காதும்மா. எடுத்துட்டேன்.”

“அது எங்கம்மா ஒட்டினது.”

அவள் அம்மா மாதம்மாள் ஊறுகாய்க் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. லேபிளைச் சுற்றிப் பூ வரைந்து, நடுவில் அம்மா செய்த வேலை தெரியும்படி வைத்துக் காட்ட வேண்டும் என்பது ரோஷிணியின் ஆசை. நாளைக்கு அம்மாவைக் கூட்டி வரமாட்டேன் என்று சொல்லி டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

தீர்த்தகிரி குப்பைக்கூடையைக் கிளறினார். காகிதம் கூழாகிக் கிடந்தது. கடையில் அதே ஊறுகாய் வாங்கி வருவதாகச் சொல்லிப் பார்த்தார். அது யார் ஒட்டினதோ என்றாள் ரோஷிணி.

அவர் ஹெலனிடம் போனார்.

“தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். என்ன செய்யட்டும்?”

ஹெலன் பெயின்டும் பிரஷும் எடுத்துவந்து ரோஷிணியின் முன் வைத்தார். லேபிளில் என்ன இருந்ததோ அதை வரையச் சொன்னார்.

ரோஷிணி டப்பாவை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு ஒரு சிவப்புக் கட்டம் போட்டாள். உள்ளே மாங்காய். அது கத்தரிக்காய் என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. மேலே, கம்பெனி பெயர் வரவேண்டிய இடத்தில், பெரிய எழுத்தில் ‘மாதம்மாள்’ என்று எழுதினாள்.

மறுநாள் மாதம்மாள் வந்தார். புதினா நட்டிருந்த டப்பாவைக் கையில் வாங்கி, பெயரை ஒருமுறை படித்தார். யாரும் கேட்காமலே, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “நாந்தான்” என்றார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் நின்றவர்களிடமும் காட்டினார்.

எல்லோரும் போன பிறகு தீர்த்தகிரி கேட்டார்.

“அந்தப் பொண்ணு கம்பெனி பேரை மாத்தி எழுதிட்டா. எங்க ஆபீஸா இருந்தா திருப்பி அனுப்பிடுவோம். நீங்க பார்த்துக்கிட்டேதான இருந்தீங்க டீச்சர், ஏன் திருத்தல?”

“நீங்க வரைஞ்சு கொடுத்த பாலத்துல யார் பேர் இருக்குங்கய்யா?”



கதை இவ்வளவுதான் என்றாள் தோழி. பிறகு நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் ஓர் எண்ணெய் கேனில் கற்றாழை வளர்ந்திருக்கிறது. கேனைச் சுற்றி மூன்று வளைவுகளோடு ஒரு பாலம். அதன் கீழே, அளவெடுத்தது போன்ற எழுத்தில், ‘தீர்த்தகிரி’ என்று எழுதியிருக்கிறது.