தலைவருக்கு எட்டாத பொத்தான்

தையல்காரி அஞ்சுகத்தின் வீட்டை அவள் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான். சட்டப்படிதான் பிடுங்கினான்! புருஷன் செத்தால் வீடு பெண்டாட்டிக்குக் கிடையாது என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இதெல்லாம் ஒரு நியாயமா? அவள் சபைக்குப் போய், "அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்க ஐயா" என்று கேட்டாள்.

தலைவர் வீரகேசரி காதைப் பொத்திக்கொண்டார். "சாசனம் நம் முன்னோர் தைத்துக் கொடுத்த சட்டை, அம்மா. ஒரு தையலைப் பிரித்தாலும் பாவம்!"

சபையே கைதட்டியது.

அதே தலைவருக்குப் பதவிக்காலம் முடியும் நேரம் வந்தது. உடனே சாசனத்தைத் திருத்தி, ஆயுள் முழுக்கத் தானே தலைவர் என்று எழுதக் கிளம்பிவிட்டார். ஆனால் திருத்தம் கொண்டுவருகிறவர் நாட்டின் முதல் தலைவர் போட்டிருந்த கோட்டுச் சட்டையை மாட்டி, பொத்தான் போட்டுக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். முதல் தலைவரோ ஒல்லிக்குச்சி. வீரகேசரியின் தொப்பையைத் தாண்டிப் பொத்தான் எட்டவே இல்லை. நடுச்சபைக்கு அஞ்சுகத்தைக் கூட்டிவந்தார்கள்.

"இது இப்பவே எனக்குப் பொருந்தணும். இல்லாவிட்டால் ஜெயில்!"

"முன்னோர் தைச்சதுங்களே ஐயா. பிரிச்சா பாவமில்லையா?"

"உடம்பு பெருத்தால் சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டியதுதானே! இதுகூடவா தெரியாது?" என்று மைக்கிலேயே கத்தினார் தலைவர்.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சுகம் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெரியுமுங்க. ஆனா உங்க தொப்பைக்கு முந்தியே என் மனு வந்துடுச்சு. முதல்ல சாசனத்துல அந்த ஒரு வரியைப் பிரிச்சுத் தைங்க. அதுவரைக்கும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க ஐயா!"